ஆடு மேய்ந்த காலர்

மச்சான்,

இன்று காலை சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலரில் கஞ்சி லேசாகத் தீய்ந்து ஒரு வாசனை வந்தது. சாமைக் கஞ்சி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றேன். அழுகை வருமா என்று பார்த்தேன். வரவில்லை.

நீ புளிய மரத்திலிருந்து விழுந்து செத்து இருபது நாளாகிறது. புதூர்நாட்டுக்கு வந்தேன், உன்னைப் பார்த்தேன், எல்லாம் முடிந்து கிளம்பினேன். "அழுதுடுங்கண்ணே, நெஞ்ச அடச்சிக்கும்" என்றாள் உன் மனைவி. "ஜீப்புக்கு நேரமாச்சும்மா" என்றேன். கஞ்சி போட்டுக் காய்ந்த துணி மாதிரி விறைத்துக் கிடக்கிறேன்.

பத்து வருஷத்துக்கு முன் ஜவ்வாது மலை முழுவதிலும் நம் இருவர் கழுத்தில்தான் காலர் நிமிர்ந்து நின்றது. என் காலர் முனையில் உரசி மேகம் கிழிந்து மழை கொட்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் உண்டு. அரிசி பண்டிகைக்கு மட்டும்தான், ஆகவே சாமைக் கஞ்சி. இஸ்திரிப் பெட்டி ஏது? செம்பில் நெருப்புத் துண்டு போட்டு நீதான் தேய்ப்பாய். "முனையில இருந்து நடுவுக்கு வரணும்டா. நடுவுல ஆரம்பிச்சா சுருக்கமெல்லாம் முனையில வந்து குந்திக்கும்" என்பாய்.

ஒரே துணியில் தைத்த இரண்டு வெள்ளைச் சட்டைகள். திருப்பத்தூரில் ஒரே ஒரு பியூன் வேலை. இருவருக்கும் இண்டர்வியூ கார்டு வந்திருந்தது.

அன்று விடியலில் நான் குளித்துவிட்டு உன் வீட்டுக்குத் திரும்பினால், உன் ஆடு என் சட்டைக் காலரை மென்றுகொண்டிருக்கிறது. வெளிச்சுவரில் மாட்டியிருந்த சட்டையில் வேறு ஒரு நூலைத் தொடவில்லை. கஞ்சி ருசி.

"இன்னாடா இது, கழுத்தோட மேஞ்சிருக்குது!" என்று நீ சிரித்தாய். பிறகு சிரிக்கவில்லை. உன் சட்டை என் தொப்பைக்கு ஏறாது. போட்டிருந்த சட்டையைக் கழற்றி, பிளேடால் காலரைப் பிரிக்க ஆரம்பித்தாய்.

"மச்சான், உனக்கும் இன்னைக்குத் தானே?"

"ஆடு யாரூட்டு ஆடு? மேஞ்சா ஆட்டுக்காரன் ஈடு கட்டணும். ஊரு நாயம்."

"வேலை?"

"மணி அடிச்சா ஓடற வேலை எனக்கு எதுக்குடா? நீ போய்ட்டு வா."

புளி மூட்டை தைக்கிற ஊசியாலும் சாக்கு நூலாலும் என் சட்டையில் அதைத் தைத்தாய். ஒரு விரற்கடை குறைந்ததால் மேல் பித்தான் சேரவில்லை. ஜீப்காரன் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தான். வேலை எனக்குக் கிடைத்தது.

ஆபீசில் டீ நேரத்தில் இந்தக் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஆடு முதலில் எருமையளவு ஆனது, பிறகு யானையளவு. காலரைத் தின்றது, சட்டையைத் தின்றது, கடைசியில் ஜீப்பின் ஸ்டெப்னியையும் தின்று ஏப்பம் விட்டது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உனக்கும் கார்டு வந்ததை மட்டும் சொன்னதில்லை.

இன்னொன்று, உன்னிடமே சொல்லாதது. அது சாதாரண ஆடுதான், மச்சான். முழங்கால் உயரம். நீ கட்டித்தான் வைத்திருந்தாய். குளிக்கப் போகும்போது கயிற்றை அவிழ்த்துவிட்டவன் நான். நீ சட்டை போட்டுக்கொண்டு தலை வாரிக்கொண்டிருந்தாய். ஆட்டை விரட்டி ஓடுவாய், வேர்க்கும், உன் காலர் தொய்ந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அது என் சட்டைக்குப் போனது. ஈடு கட்ட வேண்டியவன் நீ இல்லை.

நீ தைத்துக் கொடுத்த அந்தச் சட்டை கிழிந்ததும் உன் காலரைப் பிரித்து அடுத்த சட்டையில் வைக்கத் தையல்காரனிடம் சொன்னேன். இது மூன்றாவது சட்டை. டெரிகாட்டன் வந்துவிட்டது, கஞ்சி எதற்கு என்கிறார்கள். முனையிலிருந்து நடுவுக்குத் தேய்த்து முடித்தேன். போட்டுக்கொண்டேன். மேல் பித்தான் இன்றும் சேரவில்லை. மணி அடித்தால் ஓட வேண்டும். கிளம்புகிறேன்.