சுவரோடு நிற்பது

காஜா பெராங், 1943 மாசி, வியாழன்.

நாளெல்லாம் தையல் மிஷினில் குனிந்தே இவருக்கு முதுகு கூனிவிட்டது. இரண்டு மாதமாகத் தினமும் சாயங்காலம் சுவரோடு நிற்க வைத்தேன். குதிகால், தோள், பின்னந்தலை மூன்றும் சுவரில் பட வேண்டும்; கையை மெல்ல மேலே தூக்க வேண்டும். நன்றாகவே நிமிர்ந்துவிட்டார்.

இன்று தெங்கேரா கடைத்தெருவுக்கு நூல் வாங்கப் போனார். அங்கே ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தானாம்.

"பழையபடி கூனிக்கிட்டு நடந்தேன். சீக்காளின்னு விட்டுட்டான்" என்றார். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

விளக்கு வைத்ததும் தானாகவே சுவரிடம் போனார்.

"இனிமே வேணாங்க. கூனிக்கிட்டே இருந்துடுங்க."

"முதுகு வலிக்குதுடி."

பாடுபட்டு நிமிர்த்தியதே நான்தான். எழுந்துபோய்த் தெருப்பக்கத்துச் சன்னலைச் சாத்தினேன்.

"இப்ப நில்லுங்க" என்றேன்.