வராதவர் பங்கு

இன்று காலை உன் டிபன் பாக்ஸைத் திறந்து சப்பாத்தியை வைத்தேன். அந்த வாசனை முகத்தில் பட்டதும், நீ போய் எட்டு மாதமாகிவிட்டது என்பதே ஒரு நிமிடம் மறந்துபோயிற்று. ஒரு பக்கம் நசுங்கிய அதே பாக்ஸ்தான். மூடி இன்னமும் சண்டித்தனம் செய்கிறது, உன்னைப் போலவே.

மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்து நீ படித்துச் சொன்னவற்றால்தான் எல்லாம் தொடங்கியது. முதன்முதலில் இருந்த கிறிஸ்தவர்களான ஆதிச் சபையாருக்குக் கோவில் கிடையாது, யாராவது ஒருவர் வீட்டில் கூடினார்கள் என்றாய். ஞாயிறு அவர்களுக்கு விடுமுறை இல்லை. விடியுமுன் கூடிவிட்டு வேலைக்குப் போனார்கள் என்று படித்த அன்று, பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாய். "அவங்களுக்கும் ஷிப்டுதான்டீ!"

அடுத்த ஞாயிறே அனகாபுத்தூரில் உன் வீட்டுக் கூடத்தில் ஏழு பேர் பாயில் உட்கார்ந்தோம். ஒரே சப்பாத்தியைப் பிட்டுக்கொண்டோம். திராட்சைச் சாறு ஒரே டம்ளரில் சுற்றி வந்தது. வர முடியாதவருக்கும் ஒரு துண்டு எடுத்துவைத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்களாம் அவர்கள். நீயும் ஒரு துண்டை இந்தப் பாக்ஸில் வைத்து, "இது வராதவர் பங்கு" என்றாய். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருடத்து வழக்கம், தண்ணி லாரி ஹாரன் கேட்கும் ஒரு சந்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

பிறகு ஒரு ஞாயிறு செல்வியை அழைத்துவந்தாய். நம் தெருவைப் பெருக்கும் செல்வி. அடிமையும் எஜமானும் ஒரே பந்தியில் உட்கார்ந்த கதையை நீ சொன்னபோது நன்றாகத் தலையாட்டியவள்தான் நான். டம்ளர் அவள் வாய் பட்டு என்னிடம் வந்தபோது வாங்கவில்லை. இருமல் சீசன், ஆளுக்கொரு டம்ளர் வைத்தால் என்ன என்றேன்.

"உனக்கு பயம் இருமலைப் பாத்தா, செல்வியைப் பாத்தா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பிவிட்டேன். நீ கேட்டது உண்மை. அதனால்தான் அவ்வளவு கோபம்.

பஸ்ஸில் வேறு சீட் பார்த்துக்கொண்டேன். நான்கு ஞாயிறு யார் கையிலாவது பாக்ஸைக் கொடுத்தனுப்பினாய், திறக்காமலே திருப்பினேன். ஐந்தாவது ஞாயிறு நல்ல மழை, சந்தில் முழங்கால் தண்ணீர். பாக்ஸைத் தலைக்கு மேல் பிடித்தபடி நீயே வந்து நின்றாய்.

"இன்னாடி, இந்தத் தண்ணில போய்..." என்றேன்.

"அஞ்சு வாரமா நானும் அந்த அப்பத்தைத் தொடலடி. சண்டை தீராம பந்தியில உக்காரக் கூடாதுன்னு அவங்க வச்சிருந்தாங்க. எல்லார் முன்னாடியும் உன்னைக் கேட்டது என் தப்பு."

மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்; கேட்டுக்கொண்டு நின்றவள் நீ. பாக்ஸில் இரண்டு துண்டு இருந்தது. நனைந்தபடியே வாசலில் நின்று தின்றோம். அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அடுத்த ஞாயிறு செல்விக்குப் பிறகு குடித்தேன். சாறு எப்போதும்போல இனித்தது.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நீ வியப்பதை நிறுத்தவில்லை. "செத்துட்டாங்கன்னு அவங்க சொல்லல, தூங்குறாங்கன்னாங்க. கல்லறைக்கே அவங்க பாஷையில தூங்குற இடம்னுதான் பேரு" என்று பார்க்க வந்த எங்கள் எல்லோரிடமும் சொன்னாய். நான் பேச்சை மாற்றினேன்.

இப்போது செல்விக்கு ஞாயிறு டியூட்டி விடியுமுன்பே தொடங்கிவிடுகிறது. அவள் பங்கை நான்தான் எடுத்துப்போகிறேன். இன்று பம்மல் மெயின் ரோட்டில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு, கை கழுவி, பாக்ஸைத் திறந்தாள். உள்ளே இரண்டு துண்டு. பிட்டபோது என் கை பழக்கத்தில் உன்னையும் சேர்த்திருக்கிறது.

"இன்னொண்ணு யாருதுக்கா?"

பாக்ஸின் நசுங்கிய பக்கத்தை விரலால் தடவினேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் துண்டை இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை என் கையில் வைத்தாள்.

"துன்னுக்கா. அந்தக்கா தூங்கி ஏந்து வந்து கேட்டா, ரெண்டு பேரும் சேந்து துன்னோம்னு சொல்லிக்கலாம்."

தின்றேன். அவள் குடித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அண்ணாந்து குடிக்கவில்லை, வாய் வைத்தே குடித்தேன்.