ஷோகேஸில் இருந்த காலிப் பெட்டி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இந்தக் கடிதத்தோடு வரும் பெட்டியில் உன் கேமரா லென்ஸ்தான் இருக்கிறது. சத்தியம். நான்கு தடவை திறந்து பார்த்துவிட்டேன்.

போன வாரம் படகில் வந்ததைத் திறந்து, உள்ளே செங்கல்லைப் பார்த்து நீ என்ன பேசியிருப்பாய் என்று நினைத்தாலே காது கூசுகிறது. தீவில் போனும் எடுக்காது, உன்னிடம் எப்படிச் சொல்வது?

நடந்தது இதுதான். இந்த லென்ஸுக்கு எங்கள் கடையில் அறுபத்து மூன்று பேர் பெயர் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். சொந்தத் தம்பி என்று உன்னை முன்னால் தள்ளாமல் பதினான்கு மாதம் வரிசையில்தான் வைத்தேன். ஷோகேஸில் இருப்பது வெறும் பெட்டி. வருகிறவர்கள் தூக்கிப் பார்த்தாவது சந்தோஷப்படட்டும் என்று முதலாளி அதற்குள் துணி சுற்றிய செங்கல்லை வைத்திருந்தார். உன் முறை வந்த அன்று, லென்ஸைச் சோதித்துவிட்டு, அதே மாதிரி இருக்கும் ஷோகேஸ் பெட்டியையும் தூசி தட்ட எடுத்து அதன் பக்கத்திலேயே மேஜையில் வைத்தேன், புத்தி கெட்டவள். செங்கல் உனக்கு வந்தது. லென்ஸ் ஷோகேஸுக்குப் போனது.

இரண்டு நாளில் பல் டாக்டர் வந்தார். பட்டியலில் உனக்கு அடுத்தவர். வாராவாரம் வந்து அந்தப் பெட்டியைத் தூக்கிப் பார்ப்பார். முதலாளி சிரித்துக்கொண்டே, "செங்கல்லோட நீங்களே வச்சிக்கோங்க டாக்டர்"னு கொடுத்து அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நிற்கிறார். "இது காலிப் பெட்டி இல்லம்மா"ன்னார். செங்கல்தான் இருந்தது என்று சொல்லி அவரே வைத்துக்கொண்டிருந்தால் யார் என்ன கேட்டிருக்க முடியும்! நானானால் கொடுத்திருப்பேனா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பெட்டியை மேஜையில் வைக்கும்போது பார்த்தேன், இரண்டு கையும் நடுங்கின. பல் பிடுங்குவதை நிறுத்தி மூன்று மாதமாகிறதாம். "ரெண்டு நாள் மொட்டை மாடியில இதுல காக்காவப் பார்த்துக்கிட்டே இருந்தேன், அது போதும்"னு சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

பறவைக் குஞ்சுகள் கூட்டில் இருக்கப் போவது இன்னும் பத்து நாள் என்று எழுதியிருந்தாய். அந்தப் படங்கள் இல்லாமல் உன் வேலை நிரந்தரமாகாது என்பதும் தெரியும். சாப்பாட்டை மறந்தாலும் சரி, எடுத்து முடி.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுக்க அந்த லென்ஸ் உன் பையில்தானே கிடக்கும்? அடுத்தது வர ஒரு வருஷமாவது ஆகும் என்கிறார்கள். இரவல் கொடுப்பது பற்றி டாக்டரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. உன் பொருள், நீதான் சொல்ல வேண்டும். திரும்பும் படகில் ஏற்றுவதானால் நன்றாகத் துணி சுற்றி அனுப்பு, கண்ணா. அதுவரைக்கும் டாக்டரின் கை தாங்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா