ஸ்கேன் எடுத்த பிறகு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் தங்கியிருப்பவர்களிடமும் வேண்டாம். படித்ததும் அழித்துவிடு. அம்மாவின் போனில் தட்டி அனுப்பினால் அவள் கண்ணில் பட்டுவிடும். அதனால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன். நாளை பள்ளிக்கூடத்தில் என் தோழியின் போனில் படம் எடுத்து அனுப்புவேன். படிக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

நீ நலமா? அங்கே குளிர் குறைந்ததா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

நாளை மறுநாள் காலையில் அப்பாவுக்கு முதுகு ஆபரேஷன். ரோபோ வைத்துச் செய்வதாக அம்மா சொல்லியிருப்பாள். போன வாரம் ஸ்கேன் எடுத்த அன்று டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். ரோபோ தானாக எதையும் அறுக்காதாம். எந்த எலும்பில் எந்தச் சாய்வில் திருகாணி போக வேண்டும் என்று டாக்டர்தான் ஸ்கேன் படத்தில் முன்கூட்டியே குறித்துவைப்பார். ரோபோவின் கை அந்தக் குறிக்கு நேராக அசையாமல் நின்று வழி காட்டும். திருகாணியை முடுக்குவது டாக்டர்தான். சின்னத் துளைகள் போதும், பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாது என்றார். மட்டம் பாக்க ரசமட்டமெல்லாம் வெச்சிருக்கீங்களா டாக்டர் என்று அப்பா கேட்டார். டைல் ஒட்டுகிறவர் வேறென்ன கேட்பார்? அன்றிலிருந்து வீட்டில் ரோபோவுக்குப் புதுக் கொத்தனார் என்றுதான் பெயர்.

கிளம்பும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இனிமே விழுந்தாலோ இடிச்சுக்கிட்டாலோ உடனே சொல்லிடுங்க, படம் ஒண்ணு முதுகு ஒண்ணுன்னு ஆயிடக் கூடாது என்றார்.

அக்கா, அப்பா விழுந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைக்குப் போயிருந்தாள். நான் தரையைத் துடைத்துவிட்டு, காய்வதற்குள் பாட்டுக் கேட்கப் போய்விட்டேன். டமால் என்று சத்தம். ஓடிவந்தால் அப்பா ஈரத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒட்டின தரையே என்னை வாரிவிட்டுடுச்சு பாரு என்றார். வாய்தான் சிரித்தது. அம்மாகிட்ட மூச்சு விடாதே, டாக்டர்கிட்டயும்தான், தேதி தள்ளிப்போனா இன்னும் மூணு மாசம் ஆகும், பெரியவ வர்றப்போ நான் வாசல்ல நிமிர்ந்து நிக்கணும் என்றார். டாக்டர் சொன்னாரேப்பா என்றேன். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுத்து ஒத்துப்பாப்பாங்கடி, புதுக் கொத்தனார் கண்டுபிடிச்சுடுவாரு என்று சொல்லி, என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

நேற்று அவருடைய இடது செருப்பு வாசலில் கழன்றுவிட்டது. அது தெரியாமலே நாலு எட்டு நடந்தார். முன்பு வலிதான் இருந்தது. கால் மரத்துப்போனதில்லை.

சத்தியத்தை மீறினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ? மீறாவிட்டால் ஆகிவிடுமோ?

கண்ணை மூடினால் அந்த மாடி வீட்டு வேலைதான் வருகிறது. விடுமுறையில் நம்மையும் கூட்டிப்போனாரே. நீலப் பொடி தோய்த்த நூலின் ஒரு முனை உன்னிடம், மறுமுனை என்னிடம். அப்பா நடுவில் சுண்டினால் தரையில் நேர்கோடு விழும். சாயங்காலம் சோப்புப் போட்டாலும் நம் விரலில் நீலம் போகாது. ஒட்டிய டைலை அப்பா விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். அடியில் காலியாக இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

அங்கே ஒருநாள், வரிசை நேராகப் போக நூல் கட்டி நட்டிருந்த அளவு ஆணியை நான் இடறிவிட்டேன். குத்துமதிப்பாகத் திரும்ப நட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். மூன்று வரிசை கோணலாகிவிட்டது. நான்தான் இடறினேன் என்று நீ உன் மேல் போட்டுக்கொண்டாய். ஆணி நகர்ந்தது தப்பில்ல, சொல்லாததுதான் தப்பு என்று அப்பா மூன்று வரிசையையும் பெயர்த்து மறுபடி ஒட்டினார்.

முதுகை அப்படிப் பெயர்த்து ஒட்ட முடியுமா அக்கா?

மருத்துவமனை எண்ணை மேலே ஓரத்தில் எழுதியிருக்கிறேன். நாளை சாயங்காலத்துக்குள் டாக்டரிடம் பேசு. அப்பாவே போனில் உன்னிடம் உளறிவிட்டதாகச் சொல். அன்றைக்குப் போல இந்த ஒருமுறை என் பழியை நீ வாங்கிக்கொள். நீ வரும்போது அவர் வாசலில் நிற்க வேண்டும். நீ வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு தட்டு. பிறகு சத்தமில்லை. காது கொடுத்துக் கேட்பது போல. நடந்து வந்தபோது ஒரு காலில்தான் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா, நீ டாக்டரிடம் பேச வேண்டாம். நானே அப்பாவிடம், டாக்டரிடம் சொல்லிவிடலாம் என்று