ராக்கெட் மேல் காய்ந்த நெத்திலி

சனிக்கிழமை, இரவு

இன்று ராக்கெட்டைப் பார்த்தேனா இல்லையா என்றே தெரியவில்லை. வலையில் ராக்கெட் துண்டு சிக்கியிருக்கிறது, நாளை போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விடும் என்று மணப்பாட்டிலிருந்து மீன்பிடிக்கும் நண்பன் செல்வின் காலையில் போன் செய்தான். செல்போன் கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன். சிறு வயதிலிருந்து டிவியில் மட்டுமே பார்த்த பொருள்.

போனால், வீட்டு வாசலில் கட்டில் அகலத்துக்குக் கிடந்த அந்தத் தகட்டின் மேல் அவன் மனைவி மரியா நெத்திலியைப் பரப்பியிருந்தாள்.

"மணல விட இதுல சீக்கிரம் காயுது அண்ணாச்சி. பாதி காஞ்சத இப்பம் எடுக்க முடியாது," என்றாள்.

செல்வின் தலையைச் சொறிந்தான். எனக்கும் அவளிடம் மல்லுக்கட்டத் தோன்றவில்லை. மீன் இல்லாத ஓரத்தில் ஒரு சாண் அளவுக்குக் கருகிய விளிம்பு தெரிந்தது. தொட்டேன். வெயிலில் சுட்டது. விண்வெளிக்குப் போய் வந்ததா, பாதி வழியில் விழுந்ததா, யாரிடம் கேட்பது? பஸ் நேரம் வரை அதன் பக்கத்தில் உட்கார்ந்து காக்கா விரட்டினேன். அப்போதும் மீன் முழுதாகக் காயவில்லை. காய்ந்ததை மட்டும் பொறுக்கி மரியா ஒரு பையில் தந்தாள்.

ஊர் திரும்பியதும் வீட்டுக்காரி, "பொரிக்கட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். பை இப்போது மேசை மேல் இருக்கிறது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். கருவாட்டு வாடைதான்.