ஆண்டவரோடு பேச்சு இல்லை

9 ஜூன் 2024, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். உட்கார்ந்தேன், வந்தேன். வாய் திறக்கவில்லை. எல்லாரும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். நான் எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் பேத்தி குளோரியாவுக்கு டெங்கி வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் முட்டி போட்டுக் கெஞ்சினேன். பத்தொன்பது வயசுப் பிள்ளை. அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஆண்டவரோடு பேச்சு இல்லை.

என் தங்கச்சியோடும் ஒரு சமயம் எட்டு வருஷம் பேசாமல் இருந்தேன். அதற்காக அவள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகாமல் இருந்தேனா? போனேன். சாப்பிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

11 ஜூன், செவ்வாய்

மகன் அந்தோணிதாஸ் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரியை நிறுத்திவிட்டு வந்து சொல்கிறான்: "சாமின்னு ஒண்ணு கிடையாதும்மா. இல்லாத ஆளுகிட்ட போயி எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு உக்கார்ற?"

"இல்லாத ஆளு மேல எனக்கு எப்பிடிடா இவ்ளோ கோவம் வரும்?"

"உனக்கு யாரு மேலயும் வரும்லா."

சிரித்தான். மகள் குளோரியாவைப் புதைத்த பிறகு இன்றைக்குத்தான் சிரித்தான். பிறகு பின்பக்கம் போய், கழுவின மோட்டார் சைக்கிளையே திரும்பவும் கழுவிக்கொண்டிருந்தான். பெண்டாட்டி பிரசவத்தில் போனபோதுகூட அவன் கோயிலை விடவில்லை. இப்போதுதான் விட்டான்.

30 ஜூன், ஞாயிறு

அந்தோனியம்மாளை மன்னிக்க மாட்டேன். எங்கள் தெருக்காரி, ஜெபக்கூட்டத்துக்குத் தலைவி. குளோரியாவின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஆண்டவரோட சித்தம்க்கா. நல்ல பூவாப் பாத்துத்தான் பறிப்பாரு" என்றாள். மஞ்சள் சேலை கட்டியிருந்தாள் — சாவு வீட்டுக்கு! பூவா? என் பிள்ளை பூவா?

இன்று கோயில் வாசலில் கையைப் பிடிக்க வந்தாள். இழுத்துக்கொண்டேன்.

19 ஜூலை, வெள்ளி

அந்தோனியம்மாளின் பேரன் நைஜலுக்குக் காய்ச்சல். ஆறு வயசு. டெங்கியாம்.

20 ஜூலை, சனி

பொய் எழுத மாட்டேன். நேற்றுக் கேள்விப்பட்டதும் முதலில் மனசில் வந்தது — இப்போ சொல்லுடி பாப்போம், அந்தப் பூக் கதைய. எழுதவே கை கூசுகிறது.

அந்தோணிதாஸ்தான் மோட்டாரை எடுத்தான். "ஏறும்மா. அவங்க தனியா உக்காந்திருப்பாங்க." எங்கள் ஊர் லிங்கியிலிருந்து மழையோடு போனோம்.

அதே ஆஸ்பத்திரி, அதே பெஞ்சு. அவள் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஊருக்கே ஜெபம் சொல்கிறவளுக்கு நாக்கு எழவில்லை.

"அக்கா, எனக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது. நீங்க சொல்லுங்கக்கா."

நானா? எந்த முகத்தோடு —

சொன்னேன். அது ஜெபம் இல்லை. "இவனையாவது விட்டுடும்." அவ்வளவுதான் சொன்னேன்.

24 ஜூலை, புதன்

நைஜல் வீட்டுக்கு வந்துவிட்டான். வந்ததும் குடிக்க மைலோ கேட்டானாம்.

25 ஜூலை, வியாழன்

சந்தோஷம்தான். சந்தோஷம் என்றுதான் எழுதுகிறேன். ஆனால் வயிறு எரிகிறது. அவருக்குக் காது கேட்கிறது என்றால் மார்ச் மாதம் ஏன் கேட்கவில்லை? அவளுக்காகத் தொண்டை கட்டும்வரை கதறினேனே. இவனுக்கு ஒரு வார்த்தைதானே சொன்னேன்!

மகனிடம் கேட்டேன்.

"டாக்டருங்க தண்ணி ஏத்துனாங்க, பொழைச்சான். நீ கேட்டதாலே இல்லம்மா. குளோரியாவும்... நீ சரியாக் கேக்காததாலே போகல." வாளியை எடுத்துக்கொண்டு மோட்டாரைக் கழுவப் போய்விட்டான்.

அவன் சொல்வது உண்மையென்றால், என் பிள்ளையை வேண்டாம் என்று யாரும் தள்ளவில்லை. உண்மையாகவே இருந்துவிடட்டுமே என்று முதல் தடவையாக நினைத்தேன். நினைத்ததும் பயந்துபோனேன். அங்கே யாருமே இல்லையென்றால் குளோரியா எங்கே இருக்கிறாள்?

28 ஜூலை, ஞாயிறு

அந்தோனியம்மாள் நன்றிப் பூசை வைத்து, வீடு வீடாகப் பிரியாணிப் பொட்டலம் கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அதையும் மனசில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் குடுத்தியாமே. நாங்க சேத்தி இல்லையா?"

"உங்க வாசல்ல நின்னு எந்தக் கையாலக்கா அதைக் குடுப்பேன்?"

பூ என்று சொல்லவில்லை. சித்தம் என்று சொல்லவில்லை. "எனக்கு ஒண்ணும் புரியலக்கா" என்று அழுதாள்.

உள்ளேயிருந்து அந்தோணிதாஸ், "சின்னம்மா, அழுகையெல்லாம் அப்புறம். பசிக்குது, எங்க பொட்டலம் எங்க?" என்றான். மூக்கைச் சிந்திக்கொண்டே போய் எடுத்து வந்தாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். அவளை மன்னித்தேனா என்று தெரியாது. மஞ்சள் சேலையை மறக்க மாட்டேன்.

நைஜலுக்காக உம்மைக் கேட்டேன், விட்டீர். அதற்கு நன்றி. ஆனால் குளோரியாவுக்கு நீர் எனக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லும்வரை விடமாட்டேன். அவள் உம்மிடம்தான் இருக்கிறாளா? இருந்தால் ஒன்று — காலையில் பசியாறாமல் ஓடுகிற பிள்ளை அவள். கூப்பிட்டு உட்கார வையும்.