கண்ணாடி இல்லாத கூடு

அன்புள்ள குட்டிக்கு,

அப்பாவின் ஆசிகள். நலமா என்று பொதுவாகக் கேட்பதைவிட உன் தலைவலி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. இந்தக் கண்ணாடிக் கூட்டைத் திறந்ததும் நீ கேட்ட மூக்குக்கண்ணாடி இல்லையே என்று திட்டாதே, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை, முழுக்கப் படி. போனில் சொன்னால் ‘உனக்குப் பயப்படத்தான் தெரியும் அப்பா’ என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவாய், பக்கத்தில் அம்மா வேறு காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள், அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு மூன்று மாதமாகத் தலைவலி என்பது உனக்குத் தெரியும். எழுந்ததும் வலிக்கும், குனிந்து நிமிர்ந்தால் ஒரு நொடி கண் இருட்டும். முப்பது வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் வேறென்ன நினைப்பான், பவர் மாறியிருக்கும் என்று லென்ஸை மாற்றினேன். வலி போகவில்லை, மறுபடி மாற்றினேன். மூன்றாவது தடவை ஃபிரேமையும் மாற்றினேன், ஃபிரேம் நன்றாக இருக்கிறது, வலியும் நன்றாகவே இருக்கிறது என்றாள். போன செவ்வாய்க்கிழமை காலையில் வாந்தி எடுத்துவிட்டு, நீங்கள் இரண்டாகத் தெரிகிறீர்கள், ஒருவரையே என்னால் சமாளிக்க முடியவில்லை என்றாள். அந்த நிலையிலும் அவளுக்குக் கிண்டல், நான் அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளைக் கண்ணை மூடச் சொல்லி, இமை மேல் ஜெல் தடவி, வயிற்றுக்கு வைத்துப் பார்ப்பார்களே அந்த அல்ட்ராசவுண்ட், அதையே சின்னக் கருவியாக மெல்ல வைத்துப் பார்த்தார். ஊசி இல்லை, வலி இல்லை, ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பைச் சுற்றி ஓர் உறை இருக்கிறதாம், மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் அது வீங்குமாம். ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டியது ஆறரை இருந்தது. அப்புறம் ஸ்கேன் எடுத்தார்கள், கட்டி எதுவும் இல்லை, முதுகில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றி இருக்கிற நீரின் அழுத்தத்தையும் அளந்து உறுதி செய்தார்கள். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் பார்வையே போயிருக்கலாம் என்றார். மில்லிமீட்டர் கணக்கிலேயே பிழைத்தவன் நான், பெண்டாட்டி விஷயத்தில் ஒன்றரை மில்லிமீட்டரைக் கோட்டை விட்டேன். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், மாத்திரை சாப்பிடுகிறாள், வரும் வியாழக்கிழமை மறுபடி அளக்க வேண்டும், அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படித் தலைவலி உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டேன். கடைக்கு வந்தால் மேசையில் உனக்காகச் செய்து துடைத்து வைத்த கண்ணாடி இருக்கிறது. காலையில்தான் அதிகம் வலிக்கிறது என்று நீயும் சொன்னாயே குட்டி, கண்ணாடியை எடுத்து வைத்துவிட்டுக் கூட்டை மட்டும் பார்சல் கட்டினேன். ராத்திரி பகலாகக் கம்ப்யூட்டர் பார்க்கிற அலுப்பாகவே இருக்கட்டும், ஆனால் அதை ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நான் சொல்லக் கூடாது.

லீவு இல்லை என்று சாக்குச் சொல்லாமல் இந்த வாரமே டாக்டரிடம் போ, அம்மாவுக்கு வந்ததையும் மறக்காமல் அவரிடம் சொல். உன்னிடம் எதையும் சொல்லக் கூடாது என்று அவள் உத்தரவு, காட்டிக்கொள்ளாதே. நோய் நொடி அண்டாமல் நீடூழி வாழ வேண்டும் நீ. கூட்டைத் தூக்கிப் போட்டுவிடாதே. வெறும் கண்ணாடி போதும் என்று டாக்டர் சொன்னால் மறுநாளே அனுப்பிவிடுகிறேன். முப்பது வருஷத்தில் ஒரு கண்ணாடி என் கடையை விட்டுப் போக வேண்டும் என்று நான் இவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா